ஸ்கோப் புள்ளியை எண்ணித் தூரம் பார்ப்பது இன்னும் தேவையா?

வள்ளியூரான்:
ஏர் ரைபிள் பழகும் எங்கள் கூட்டத்தில் இது ஓயாத சண்டை. மில்டாட் ஸ்கோப், அதாவது உள்ளே குறுக்குக் கோட்டில் புள்ளி வரிசை போட்ட துப்பாக்கித் தொலைநோக்கி, வைத்திருப்பவர்கள் புள்ளியை எண்ணித் தூரம் சொல்கிறார்கள். லேசர் ரேஞ்ச்ஃபைண்டரில் பொத்தானை அமுக்கினால் விடை, அப்புறம் எதற்கு வாய்ப்பாடு என்பது என் கட்சி. போன வாரம் ஒருவர் 40 மீட்டரில் இருந்த தகட்டை 80 என்றார். அதை நம்பிச் சுட்ட பெல்லட் குண்டு தகட்டுக்கு மேலே போய்விட்டது.

பாளை ஹவில்தார்:
தம்பி, வாய்ப்பாடு ஒரே வரிதான். பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து ஆயிரத்தால் பெருக்கி, ஸ்கோப்பில் அது எத்தனை மில் நிற்கிறதோ அதால் வகுக்கணும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளிதான் ஒரு மில். 10 செ.மீ. தகடு 2.5 மில் நின்றால் 40 மீட்டர். உங்கள் ஆள் 80 சொன்னது ஜூம் செய்த வேலையாக இருக்கும். ரெட்டிக்கிள், அதாவது அந்தக் கோடும் புள்ளியும், இரண்டாவது ஃபோக்கல் பிளேனில் (கண் பக்கக் குவிதளத்தில்) உள்ள ஸ்கோப்பில் ஜூமைத் திருகினால் தகடுதான் பெரிதாகும், சிறிதாகும். புள்ளிகள் அப்படியே நிற்கும். 10 எக்ஸுக்கு (பத்து மடங்கு பெரிதாக்கத்துக்கு) போட்ட அளவை 5 எக்ஸில் வைத்துப் பார்த்தால் மில் பாதியாகும், தூரம் இரட்டிக்கும். ஆளைத் திட்டுங்கள், ஸ்கோப்பைத் திட்டாதீர்கள்.

ரஷ்ய டிராகுனோவ் ஸ்னைப்பர் துப்பாக்கியின் ஸ்கோப்பில் 1.7 மீட்டர் உயர ஆளுக்கென்றே ஒரு வளைகோடு உண்டு, 2 முதல் 10 வரை எண் போட்டு. ஆள் எந்த எண்ணில் அடங்குகிறாரோ அத்தனை நூறு மீட்டர். இதற்கு பேட்டரியே வேண்டாம்.

வள்ளியூரான்:
அண்ணாச்சி, எல்லாரும் 1.7 என்று யார் அளந்து கொடுத்தது? 1.55 உள்ளவர் 400 மீட்டரில் நின்றால் அந்த வளைகோடு கிட்டத்தட்ட 440 காட்டும்.

தேரிப்பனை:
வள்ளியூரார் சொல்வதுதான் விஷயம். அளவு தெரியாத பொருளிடம் மில் செல்லாது. எங்கள் திசையன்விளைப் பக்கம் பனைக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. ஈ.பி. கம்பத்தில் வேறு வில்லங்கம். 9 மீட்டர் கம்பம் என்றால் ஆறில் ஒரு பங்கு குழிக்குள் போய்விடும், வெளியே 7.5 தான். அது 7.5 மில் நின்றால் தூரம் 1000 மீட்டர். 9 என்று போட்டவர் 1200 என்று சாதிப்பார்!
பழக வேண்டுமென்றால் பைக்கின் பின் நம்பர் பிளேட் இருக்கிறது, அகலம் 20 செ.மீ. 2 மில் நின்றால் 100 மீட்டர். இதையெல்லாம் மில் கோடு போட்ட பைனாகுலரில் பாருங்கள். துப்பாக்கியை ரோட்டுப் பக்கம் திருப்பவே கூடாது.
லேசரும் உச்சிவெயிலில் திணறும். ஒற்றைப் பனையைப் பிடிக்கும்போது கை ஆடினால், பின்னால் இருக்கிற குளத்தங்கரையின் தூரத்தைக் காட்டும்.

வள்ளியூரான்:
உச்சிவெயிலில் உங்கள் புள்ளி மட்டும் என்ன வாழ்ந்தது? கானலில் தகட்டின் விளிம்பே நெளிகிறது. 2.5 மில்லை 2.3 என்று படித்தால் 43 மீட்டர் தாண்டிவிடும். பெல்லட் சரசரவென்று இறங்குகிற தூரம் அது, 3 மீட்டர் பிசகே போதும்.

பாளை ஹவில்தார்:
கானல் கிளம்பும் முன்னே, காலையிலேயே பாருங்கள். ரைபிளைக் கையில் பிடிக்காமல் மணல் மூட்டையில் வையுங்கள். தகட்டின் அடிவிளிம்பு ஒரு புள்ளியின் நடுவில் உட்காரணும். நடுவிலிருந்து அடுத்த நடு வரைதான் 1 மில். புள்ளியே 0.2 மில் தடிமன் இருக்கும். ஓரத்திலிருந்து எண்ணினால் 2.3 மட்டுமில்லை, என்ன வேண்டுமானாலும் வரும்.

வள்ளியூரான்:
சரி அண்ணாச்சி, ஞாயிறு காலை வாருங்கள். நீங்கள் எண்ணுங்கள், நான் பொத்தான் அமுக்குகிறேன். தேரிப்பனை 50 மீட்டர் டேப்போடு வரட்டும்.