ஒரே படம், மூன்று ஒலிப்பதிவு: பின்னணி இசை சேகரிப்பவர்களின் அனுபவங்கள்

ஆர்க்கெஸ்ட்ரா பின்னணி இசையைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள், கணினியில் வெட்டி ஒட்டுபவர்கள், ஒரே இசைக்கு நாலு பதிவு வைத்துக்கொண்டு எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், எல்லாரும் வாருங்கள். உங்கள் காதில் பட்டதை ஒருவர் பின் ஒருவராகக் கீழே எழுதுங்கள். ‘ஜாஸ்’ (Jaws) என்ற சுறாப் படத்திலிருந்து நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

1975இல் வந்த ‘ஜாஸ்’ எல்.பி. ரெக்கார்டில் இருப்பது படத்தில் கேட்ட பதிவு இல்லை. படத்தின் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்கென்றே இசையைத் திருத்தி, மறுபடி வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். படத்துக்காக வாசித்த பதிவு 2000இல்தான் சிடியில் கிடைத்தது. அதே வருடம் ஜோயல் மெக்நீலி, ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசித்த புதுப் பதிவும் வெளியானது. 2015இல் படப் பதிவும் ஆல்பப் பதிவும் ஒரே செட்டில் இரண்டு சிடியாக வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தின் இசைக்கு ஆஸ்கர், ஆல்பத்துக்கு கிராமி. ஆக, அந்த இரண்டு விருதுக்கும் பின்னால் இருப்பது வெவ்வேறு ஒலிப்பதிவு!

மூன்றையும் ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, சுறா வரும் அந்த இரண்டு சுரத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். படப் பதிவில் செல்லோவும் டபுள் பாஸும் காதோரம் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். வில் கம்பியைக் கடிக்கிற சத்தம்கூடத் தெரியும். ஒரு சுரம் நின்று அடுத்தது வருவதற்குள் ஒரு வெறுமை இருக்கிறதே, பயமே அங்கேதான். ஸ்காட்லாந்துப் பதிவில் அரங்கத்தின் எதிரொலி அந்த வெறுமையை நிரப்பிவிடுகிறது. கேட்க அழகுதான், ஆனால் சுறாவைக் காணோம். ஆல்பப் பதிவு வேறு கதை. சுற்றுலாப் பயணிகள் தீவில் வந்து இறங்கும்போது வரும் பரோக் பாணி (பழைய ஐரோப்பியச் செவ்வியல் பாணி) இசை படத்தில் சட்டென்று கடந்துபோகும். ஆல்பத்தில் அது தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு முழு உருப்படியாக நிற்கிறது.

அப்புறம் அந்த டூபா, அடித்தொண்டையில் முழங்கும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம். வாசித்தவர் டாமி ஜான்சன். ஃபிரெஞ்ச் ஹார்னுக்கு இயல்பாக வரும் உயரத்தில் போய் டூபாவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் வில்லியம்ஸ். அதில் இருக்கும் முக்கலும் இறுக்கமும்தான் எனக்கு ‘ஜாஸ்’. ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் படப் பதிவை எடுப்பேன்.

*

நான் சேகரிப்பதைவிடச் சரிசெய்வதுதான் அதிகம். சிடியில் வராத இசையை டிவிடியிலிருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும்.

படம் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேமில். ஐரோப்பாவில் வந்த ‘பால்’ (PAL, அங்கிருந்த டிவி முறை) டிவிடிக்களில் அதையே 25 ஃப்ரேமில் ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடிவிடும். மூன்று நிமிட இசை 7 நொடி குறையும். சுருதியும் ஏறும். முழு அரைச்சுரம் ஏறாது, அதில் சுமார் 70 சதவீதம். தனியாகக் கேட்டால் ஒன்றும் தெரியாது, பித்தளை வாத்தியங்கள் கொஞ்சம் பளிச்சென்று இருப்பதாகத்தான் படும். சிடியை அடுத்து ஓடவிட்டால் பல் கூசும்.

சரிசெய்வது சுலபம்: 96 சதவீத வேகத்துக்கு இறக்கினால் நீளம், சுருதி இரண்டும் ஒருசேர இறங்கிவிடும். தலைவலி எங்கே என்றால், சில டிஸ்க்குகளில் தயாரித்தவர்களே சுருதியை மட்டும் இறக்கி வைத்திருப்பார்கள். அங்கே இந்த வைத்தியம் செய்தால் சுருதி பாதாளத்துக்குப் போகும். சுருதியைத் தொடாமல் நீளத்தை மட்டும் நீட்டவேண்டும், அப்படி நீட்டினால் வயலின்களில் ஒரு நடுக்கம் ஒட்டிக்கொள்ளும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும், சிடியிலும் இருக்கிற ஒரு துண்டை எடுத்துச் சுருதியை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவேன்.

ஆறு சேனல்களாகப் பிரிந்து வரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். பின்பக்கச் சேனல்களில் சில சமயம் இசை ஏறக்குறைய சுத்தமாகவே கிடைக்கும். ஆனால் எங்காவது ஒரு கதவு படார் என்று சாத்தும்!

*

இந்தப் பேச்சில் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

1958இல் அமெரிக்காவில் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனால் தன் இசையைத் தானே நடத்த முடியவில்லை. லண்டனில் மியூர் மாத்திசன் நடத்தத் தொடங்கினார், ஸ்டீரியோவில். பாதியில் பிரிட்டிஷ் கலைஞர்களும் அமெரிக்கர்களுக்கு ஆதரவாக வாத்தியத்தைக் கீழே வைத்துவிட, மிச்சத்தை வியன்னாவில் போய் முடித்தார்கள். அங்கே மோனோ, இடம் வலம் பிரியாத ஒற்றைச் சேனல்.

அதனால் 1996இல் வந்த சிடியில், ஹெட்போனில் அகலமாக விரிந்துகொண்டிருக்கும் ஆர்க்கெஸ்ட்ரா, திடீரென்று நடுநெற்றியில் வந்து ஒடுங்கும். நான் யாருக்குப் போட்டுக் காட்டினாலும் முதலில் ஒயரைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு வேலைநிறுத்தம் காதில் கேட்பது எனக்குத் தெரிந்து இந்த ஒரு சிடியில்தான்.

மெக்நீலி 90களில் இதையும் புதிதாகப் பதிவு செய்தார். ஹார்ப் ஒவ்வொரு கம்பியாக எண்ணுகிற மாதிரி துல்லியம். இருந்தும் நான் எடுத்துப் போடுவது பழையதைத்தான். மாத்திசனின் ஆட்கள் கொஞ்சம் அவசரத்தில் இருக்கிறார்கள், இந்தப் படத்துக்கு அந்த அவசரம் பொருந்துகிறது.

*

வெட்டி ஒட்டுவதில் எனக்கு முழுத் திருப்தி தந்தது ‘ஏலியன்’. ஜெரி கோல்ட்ஸ்மித் எழுதியது ஒன்று, 1979இல் திரையில் வந்தது ஒன்று. தொடக்க இசையை இயக்குநர் கேட்டதால் மாற்றி எழுதினார். சில காட்சிகளில் அவரே 1962இல் ‘ஃப்ராய்ட்’ படத்துக்கு எழுதிய இசையைப் படத்தொகுப்பில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள், அது அப்படியே தங்கிவிட்டது. முடிவில் ஓடுவது ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாவது சிம்பொனி. 2007இல் வந்த இரண்டு சிடி செட்டில் அவர் முதலில் எழுதியவையும் மாற்றி எழுதியவையும் சேர்ந்து கிடைத்தன. எனக்கு அதுவே போதும், உட்கார்ந்துவிட்டேன்.

டைட்டில் நினைவிருக்கிறதா? கிரகத்தின் விளிம்பு மெல்ல நகர, மேலே எழுத்துகள் கோடு கோடாகத் தோன்றும். படத்தில் அங்கே கேட்பது குளிர்ந்த, இனம் தெரியாத சத்தங்கள். அதை எடுத்துவிட்டு, முதலில் எழுதிய டைட்டிலை வைத்தேன். தனியாக ஒரு ட்ரம்பெட் மெதுவாக எழும், பின்னால் வயலின்கள் விரியும். அதே கிரகம், அதே எழுத்து, ஆனால் பயம் போய் ஏக்கம் வந்துவிட்டது. விண்வெளி போய்ப் பார்க்க ஆசைப்படும் இடமாகிவிட்டது. கோல்ட்ஸ்மித்தின் கணக்கும் அதுதான் போல: முதலில் மயக்கிவிட்டு, அப்புறம் கழுத்தைப் பிடிப்பது. இயக்குநருக்கோ முதல் நொடியிலேயே கழுத்தைப் பிடிக்கவேண்டும். யார் பக்கம் நியாயம் என்றால், படத்துக்கு இயக்குநர் செய்ததே சரி என்பேன். கேட்பதற்கு கோல்ட்ஸ்மித். அந்த வருட எல்.பி.யில்கூட அவர் தன்னுடைய முதல் டைட்டிலைத்தான் வைத்தார்.

*

மேலே சொன்ன தற்காலிக இசை விஷயத்துக்கு இன்னொரு உதாரணம். ‘டை ஹார்ட்’ கடைசியில் செத்தான் என்று நினைத்தவன் திரும்ப எழுந்து வருவானே, அங்கே ஒலிப்பது அந்தப் படத்தின் இசையமைப்பாளர் மைக்கேல் கேமனின் இசை இல்லை. ஜேம்ஸ் ஹார்னர், ‘ஏலியன்’ இரண்டாம் பாகமான ‘ஏலியன்ஸ்’ படத்துக்கு எழுதி, அதில் பயன்படுத்தாமல் விட்ட துண்டு. எழுதிய இசை எல்லாம் சேர்ந்த ‘ஏலியன்ஸ்’ முழுப் பதிப்பை முதன்முறை கேட்டபோது, எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பாதியில் நிறுத்திவிட்டு யோசித்தேன். விடை வேறு படத்தில் இருந்தது.

*

எல்லாரும் படப் பதிவு, முழுப் பதிப்பு என்கிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

1977 ‘ஸ்டார் வார்ஸ்’ இரட்டை எல்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை படத்தின் கதைப்படி இருக்காது. பென் என்ற முதியவர் இறக்கும் காட்சியின் இசை முன்னால் வந்துவிடும், படத்தில் அதற்கு முன்பே வரும் மதுக்கூட வாத்தியக் கோஷ்டி அதற்குப் பிறகு வாசிக்கும். கதையாகப் பார்த்தால் அபத்தம். கேட்டுப் பாருங்கள், எது எதற்குப் பின்னால் வந்தால் காது களைக்காது என்று வில்லியம்ஸ் போட்ட கணக்கு புரியும். கதை வரிசையில் அடுக்கிய முழுப் பதிப்பில் இருபது நொடித் துண்டு, ஒரு பதற்றம், ஒரு மௌனம், மறுபடி ஒரு பதற்றம். சேர்த்து வைக்கச் சரி, உட்கார்ந்து கேட்க எல்.பி.

ஆனால் எல்லாக் குட்டி ஆல்பமும் கலை நோக்கில் குட்டியானது இல்லை. அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா படத்துக்கு வாசித்ததை டிஸ்க்காக விற்க, கலைஞர்களுக்குத் தனியாக மறுபயன்பாட்டுத் தொகை தரவேண்டியிருந்தது. 90களில் அரைமணி நேர சிடிக்கள் அத்தனை வந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

முழுப் பதிப்புக்காரர்களுக்கும் ஒரு புள்ளி தருகிறேன். ‘ஸ்டார் வார்ஸ்’ 1997 பதிப்பில் ஒரு டிராக்கின் பின்னால் டைட்டில் இசையின் பல டேக்குகளை, அதாவது திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்தவற்றை, ஒளித்து வைத்திருக்கிறார்கள். படத்துக்கு வாசித்த லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை ட்ரம்பெட்டாக மாரிஸ் மர்ஃபி சேர்ந்து வாசித்த முதல் வேலையே இந்தப் படம்தான். டேக்குக்கு டேக் அந்த ட்ரம்பெட்டை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இதற்காக மட்டும் அந்தப் பதிப்பை மன்னிக்கிறேன்.

*

‘வெர்டிகோ’ நண்பருக்கு ஒரு கேள்வி. இப்போது வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே. வியன்னாப் பகுதியைப் பிரித்து, வயலினை இடது பக்கமும் செல்லோவை வலது பக்கமும் வைத்து, முழுவதையும் ஸ்டீரியோ ஆக்கிப் பார்த்தேன். வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அனுப்பவா?

*

அனுப்புங்கள், கேட்கிறேன். ஆனால் வயலின் நீண்டு நிற்கும் இடங்களில் தண்ணீருக்குள் வாசிக்கிற மாதிரி ஒரு கொப்பளிப்பு இருக்கும், பாருங்கள். பிரிக்கும்போது ஹார்ப்பின் ஓசை வயலினோடு போய்விடும், அதை மென்பொருள் திருப்பித் தருவதில்லை. மோனோ மூலத்தை அழித்துவிடாதீர்கள். உங்கள் ஃபைலின் பெயரிலேயே ‘செயற்கை ஸ்டீரியோ’ என்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச காலத்தில் யாராவது லண்டன் டேக் கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள்.