டெங்கு பக்கத்தில முதல்ல என்ன வரோணும்?

உவர்மலைத் தம்பி:
வணக்கம், நாங்க நாலைஞ்சு பேர் சேந்து வருத்தங்களைப் பற்றித் தமிழில ஒரு வெப்சைட் செய்யிறம், டெங்கு, சீனி வருத்தம், பிரஷர் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு பக்கம். எல்லாத்துக்கும் ஒரே ஒழுங்கு: அது என்ன, ஏன் வருது, அறிகுறி, பரிசோதனை, மருந்து, எப்ப ஆஸ்பத்திரிக்குப் போறது. போன கிழமை பாலையூற்றில மாமி வீட்ட டெங்கு பக்கத்தைக் காட்டினன், மச்சாளின்ர மகனுக்கு அப்ப ரெண்டு நாளாக் காய்ச்சல். மாமி போனைத் தூர நீட்டிப் பிடிச்சு, நுளம்புப் படத்தைத் தாண்டி, வைரசில நாலு வகை எண்ட பந்தியைத் தாண்டி, பெருவிரலால தள்ளித் தள்ளிப் போய் நடுவில நிப்பாட்டிட்டு "தம்பி, இவனுக்குப் பனடோல் குடுக்கலாமோ?" எண்டு கேட்டா. அது கீழ மருந்துப் பகுதியில இருக்கு, அவ அங்க போய்ச் சேரவே இல்லை. அண்டையில இருந்து மனசு சரியில்லை. எப்பிடி மாத்தலாம்?

நிலாவெளி அக்கா:
தம்பி, நான் வார்ட்டில வேலை செய்யிறனான். டெங்குவில ஆக்கள் ஏமாறுறது காய்ச்சல் விடுற நேரம்தான். மூண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில காய்ச்சல் இறங்கும், வீட்டில சுகம் வந்திட்டுது எண்டு இருப்பாங்க, ரத்தக் குழாயில இருந்து நீர் கசியத் தொடங்கிறதும் அப்பத்தான். அதால அறிகுறி எல்லாத்தையும் ஒரே தலைப்புக்குக் கீழ கொட்டாதீங்க. விடாத வயித்துநோ, திரும்பத் திரும்பச் சத்தி, முரசில ரத்தம், கைகால் குளிர்றது, சலம் குறையிறது எல்லாம் பக்கத்தின்ர உச்சியில தனிப் பெட்டியில வரோணும், அதுக்குள்ளயே 1990 அம்புலன்ஸ் நம்பர், தொட்டா கோல் போற மாதிரி. அதுக்குக் கீழ பரசிட்டமோல் (பனடோல் எண்டுறது அதுதான்) மட்டும் குடுங்க, அஸ்பிரின், இபுபுரோஃபன் குடுக்கவேண்டாம், ரத்தம் கசியிறது கூடும் எண்டு போடுங்க. நுளம்புக் கதை கடைசியில வரட்டும்.

கிண்ணியா நானா:
அக்கா சொன்னதுதான் சரி, ஆனா அதே அச்சைச் சீனி வருத்தத்துக்கும் வைக்காதீங்க தம்பி. டெங்கு பாக்க வாறவர் பதறிக்கொண்டு வாறார், சீனிக்காரர் மாசாமாசம் திரும்பி வருவார், அவருக்குச் சாப்பாடும் கால் பராமரிப்பும் ரிப்போட் விளக்கமும்தான் மேல வேணும். சீனி வருத்தம் எண்டு சொல்லுற வெறுவயித்துச் சீனி எல்லை மில்லிகிராம் கணக்கில 126, மில்லிமோல் கணக்கில 7, ரெண்டும் ஒரே அளவு எண்டு பக்கத்தில பக்கத்தில போடுங்க, இல்லாட்டி வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பின மெஷினில 7 எண்டு பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு நினைப்பாங்க. தலைப்பில நீரிழிவு எண்டு மட்டும் போட்டா சீனி வருத்தம் எண்டு தேடுறவங்களுக்குப் பக்கம் அம்பிடாது, ரெண்டு சொல்லும் வேணும். பெட்டிக்குச் சிவப்பு மட்டும் பூசி விடாம "உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க" எண்டு எழுத்திலயும் போடுங்க, நிறம் பிரிச்சுப் பாக்கேலாத ஆக்களும் இருக்கினம். வரி இடைவெளியையும் கூட்டுங்க, இங்கிலீசுக்கு வச்ச அளவில எங்கட எழுத்து மேலயும் கீழயும் முட்டும்.

உவர்மலைத் தம்பி:
அக்கா, நானா, நன்றி. பெட்டியை மேல கொண்டுவந்து இண்டைக்கு மாமிட்டத் திரும்பக் காட்டினன். பெடியனுக்கு இப்ப சுகம். அவ முதல் வரியிலயே நிண்டு "சலம் குறையிறது எண்டா எவ்வளவு?" எண்டு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியேல்ல.

நிலாவெளி அக்கா:
நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு மேல சலம் போகேல்லை எண்டா கொண்டுபோகோணும். அப்பிடியே எழுதுங்க தம்பி, மணித்தியாலக் கணக்கோட.