பாரசீக வீரனுக்குக் கவசமே இல்லையாம்: 'நைட்டி' என்று எழுதியவருக்கு

ஈட்டிமுனை:
வியூக விளையாட்டுத் திரியில் கொற்றவன்77 நேற்று உதிர்த்த முத்து இது: "பாரசீகச் சிப்பாய்க்குக் கவசமே கிடையாது. உடம்பில் நைட்டி, கையில் கூடை. கிரேக்கன் அடிக்காமல் என்ன செய்வான்?" அதற்கு இருபத்து சொச்சம் விருப்பக்குறி வேறு. அங்கே பதில் போட்டால் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லை என்று தூக்கிவிடுவார்கள், அதனால் தனித் திரி.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஏழாம் புத்தகம், பகுதி 61. கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்ஸஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது பாரசீகர் எப்படி வந்தார்கள் என்று தலையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டு போகிறார். தொளதொளத்த தொப்பி, பல நிறங்களில் கைவைத்த அங்கி, மீன்செதில் போலத் தெரியும் இரும்புச் செதில், கால்சட்டை, பிரம்புக் கேடயம், அதன் கீழே அம்பறாத்தூணி, குட்டை ஈட்டி, பெரிய வில், நாணல் அம்பு, வலது தொடையோரம் இடைவாரில் தொங்கும் குத்துவாள். இரும்புச் செதில் என்பது நைட்டியில் எந்த இடத்தில் வரும் என்று கொற்றவன் விளக்கினால் நன்றி.

கொற்றவன்77:
வந்துட்டார்யா வாத்தியார். அதே ஹெரோடோட்டஸ், ஒன்பதாம் புத்தகம், பகுதி 62, 63. கி.மு. 479, கிரேக்கர் பாரசீகரைத் தோற்கடித்த பிளாட்டியா போர். துணிச்சலிலும் பலத்திலும் பாரசீகர் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் கவசம் இல்லை, பயிற்சி இல்லை, அதுதான் அவர்களைக் கெடுத்தது என்கிறார். ஏழாம் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒன்பதாம் புத்தகம் வருவதற்குள் தூங்கிவிட்டீர்களா சார்?

ஈட்டிமுனை:
தூங்கவில்லை. ஒன்பதாம் புத்தகத்தின் பகுதி 61ஐயும் சேர்த்துப் படித்தேன், நீங்கள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். பிளாட்டியாவில் அவர்கள் பிரம்புக் கேடயங்களை வேலி மாதிரி நட்டு, அதன் பின்னால் நின்று அம்பு மழை பொழிந்தார்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் வேலியைச் சரித்ததும் கையில் கேடயம் இல்லாமல் நின்று, எதிரியின் ஈட்டியை வெறுங்கையால் பிடித்து ஒடித்தார்கள். அந்த இடத்தில் இல்லாதது கேடயம். இரும்புச் செதில் இல்லை என்று எங்கே இருக்கிறது?

ஆற்றங்கரை:
இருவருக்கும் ஒரு கேள்வி. "பாரசீகர்" என்று யாரைச் சொல்கிறீர்கள்? பாரசீகரின் தாயகமான ஃபார்ஸ் பகுதி ஆட்களை மட்டுமா, பேரரசின் படை முழுவதையுமா? "கவசம்" என்றால் மார்க்கவசமா, தலைக்கவசம், கேடயம் எல்லாம் சேர்த்தா? பேரரசை நிறுவிய சைரஸ் காலமா, கடைசி மன்னன் மூன்றாம் டேரியஸ் காலமா? நடுவில் 200 வருஷம் இருக்கிறது. இதைத் தீர்த்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

கொற்றவன்77:
"கையில் கேடயம் இல்லை"யாம். தெளிவாகக் கவசம் இல்லை என்று எழுதியவரைப் பிடித்து இல்லை, நீ சொல்ல வந்தது வேறு என்று பாடம் எடுக்கிறீர்கள். பாரசீகத் தலைநகர் சூசாவின் அரண்மனை வண்ணச் செங்கல் வில்லாளிகள் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள், 1880களில் தோண்டி எடுத்தது. கணுக்கால் வரை தொங்கும் அங்கி, வில், தூணி, ஈட்டி. உங்கள் இரும்புச் செதில் எங்கே? செங்கல்காரன் வைக்க மறந்துவிட்டானா?

ஈட்டிமுனை:
அது செர்க்ஸஸின் அப்பா முதலாம் டேரியஸின் அரண்மனைச் சுவர். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை தினமும் பட்டுவேட்டியில்தான் வயலுக்குப் போவார் என்று முடிவு கட்டுவீர்கள் போல. போர்க்களத்து ஆதாரம் வேண்டுமா, இதோ ஒன்பதாம் புத்தகம் பகுதி 22. பாரசீகக் குதிரைப்படைத் தலைவன் மசிஸ்டியஸ். குதிரையின் விலாவில் அம்பு தைத்து அது பின்னங்காலில் எழும்ப, கீழே விழுகிறான். ஏதென்ஸ்காரர்கள் சூழ்ந்துகொண்டு குத்துகிறார்கள், குத்துகிறார்கள், சாகமாட்டேன் என்கிறான். ஏன்? மேலே கருஞ்சிவப்பு அங்கி, உள்ளே பொன் செதில் கவசம். கடைசியில் ஒருவன் விஷயம் புரிந்து கண்ணில் குத்தினான். கவசத்தை அங்கிக்கு உள்ளே போட்டிருக்கிறான் ஐயா! செங்கலில் தெரியவில்லை என்று குதிப்பவர்கள் இதை நாலு முறை படிக்கவும்.

கொற்றவன்77:
தளபதி. பொன். தளபதி. பொன். சாதாரண சிப்பாயைப் பற்றித்தான் பேச்சே. மசிஸ்டியஸ் பொன் செதில் போட்டதால் கடைக்கோடி வில்லாளிக்கும் இரும்புச் செதில் வந்துவிடுமா? அவன் விசித்திரமாக இருந்ததால்தான் ஹெரோடோட்டஸ் அதை எழுதவே செய்தார்.

ஈட்டிமுனை:
ஏழாம் புத்தகம் பகுதி 61 சாதாரண சிப்பாயைப் பற்றியது. இரும்புச் செதில். இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

தூரிகை:
அண்ணன்மார்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சின்னச் சின்ன போர்வீரர் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். பத்து பாரசீகர் மேஜையில் காத்திருக்கிறார்கள். அங்கிக்கு என்ன நிறம்? செதிலை வெளியே காட்டலாமா, மறைக்கலாமா? அலெக்சாண்டர் சவப்பெட்டி என்கிறார்களே, அதில் நிறம் இருக்கிறதாமே?

கொற்றவன்77:
தம்பி, நல்ல கேள்வி. 1887இல் சிடோனில் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. பளிங்கில் செதுக்கி வர்ணம் பூசியது, சாயத்தின் தடயம் இன்னும் இருக்கிறது. கைவைத்த அங்கி, கால்சட்டை, வாயையும் மூடும் தலைத்துணி. செதில் கவசம் மாட்டிய ஒரு பாரசீகனைக் காட்டச் சொல்லுங்கள் ஈட்டிமுனையாரை. அதுவும் போர்க்காட்சி, அரண்மனைச் சுவர் இல்லை. பட்டுவேட்டிக் கதையை இங்கே விட முடியாது.

ஈட்டிமுனை:
தூரிகை தம்பி, அங்கிக்கு உள்ளே செதில் என்று இப்போதுதானே சொன்னேன். மறைத்து அடியுங்கள். கழுத்தோரம் ஒரு கோடு இரும்பு நிறம் எட்டிப் பார்த்தால் போதும். கொற்றவன் சொல்கிற சிற்பம் கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசி, செர்க்ஸஸ் படைக்கு அது சாட்சி ஆகாது. தவிர, பாரசீகக் குதிரைவீரனுக்கு அங்கவடி (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) வரைந்து படம் போட்டவரிடம் நிற ஆலோசனை கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அங்கவடியே கிடையாது.

கொற்றவன்77:
வந்துருச்சு அங்கவடி! எதற்கடா இன்னும் வரவில்லை என்று பார்த்தேன். அது பழைய படம், நான் வரைந்ததும் இல்லை, ஒரு விளையாட்டிலிருந்து எடுத்தது. எத்தனை வருஷத்துக்கு இதையே சொல்லி ஓட்டுவீர்கள்?

ஈட்டிமுனை:
நீங்கள் படத்தை எடுக்கும் வரை.

செந்நாப்போதன்:
ஐயா, வாதம் ஒருபுறம் இருக்கட்டும். 'ஹெரோடோட்டஸ்', 'செர்க்ஸஸ்', 'டேரியஸ்' என்று கிரந்த எழுத்தை வாரி இறைக்கிறீர்களே. எரோடோட்டசு, செர்க்சசு, தாரியசு என்று எழுதினால் கவசம் கழன்றுவிடுமா?

கொற்றவன்77:
இரும்புச் செதிலை விட இது முக்கியம்தான், ஐயா. தனித் திரி போடுங்கள்.

செந்நாப்போதன்:
போட்டேன். பூட்டிவிட்டார்கள்.

ஆற்றங்கரை:
என் கேள்வி மேலேயே நிற்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் புத்தகம், பகுதி 113. செர்க்ஸஸ் ஊர் திரும்பும்போது அவன் தளபதி மார்டோனியஸ் கிரேக்கத்தில் தங்குவதற்குப் படை பொறுக்குகிறான். 'சாவாதவர்' படை, அப்புறம் பாரசீகரில் மார்க்கவசக்காரர்கள், அப்புறம் ஆயிரம் குதிரை. மார்க்கவசக்காரர் என்று ஒரு தனிப் பிரிவு இருந்தால், எல்லோரிடமும் கவசம் இருந்தது என்பதும் தவறு, யாரிடமும் இல்லை என்பதும் தவறு என்றாகிறது.

ஈட்டிமுனை:
நன்றி ஆற்றங்கரை. மார்க்கவசக்காரர்கள் இருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் வாயாலேயே வந்துவிட்டது. கொற்றவன் கதை இத்துடன் முடிந்தது.

கொற்றவன்77:
நன்றி ஆற்றங்கரை. தனியாகப் பொறுக்கினான் என்றால் மற்றவனுக்கு இல்லை என்றுதானே பொருள்? அதிலும் சாவாதவர் படையைத் தனியாகச் சொல்லிவிட்டு அடுத்ததாகக் கவசக்காரர் என்கிறார். அந்தப் பத்தாயிரம் பேருக்கே கவசம் இல்லை போல! ஈட்டிமுனையார் கதை முடிந்தது.

ஆற்றங்கரை:
நான் சொன்னது அது இல்லை.

ஈட்டிமுனை:
சாவாதவர் என்பது படையின் பெயர், எண்ணிக்கை குறையாமல் ஆள் நிரப்புவதால் வந்தது. மற்றது உடுப்பின் பெயர். பெயரை வைத்து உடுப்பைக் கழற்றாதீர்கள்.

நூல் வேண்டாம், மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்ததைப் பேசுவோமா? பாரசீக மன்னர்களின் தலைநகர் பெர்செபோலிஸின் கருவூலத்தை 1930களில் சிகாகோ குழு தோண்டியபோது கவசச் செதில்கள் கிடைத்தன. இரும்பிலும் வெண்கலத்திலும். இரும்பு! செதில்! ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலத் தலைக்கவசம் இருக்கிறது. கூம்பு வடிவம், கிரேக்கத் தலைக்கவசம் மாதிரி முகத்தை மூடாது. அதன் விளிம்பில், மேதியரிடமிருந்து (பாரசீகரைக் கிரேக்கர் அப்படியும் சொல்வார்கள்) ஏதென்ஸ்காரர் பறித்து ஜீயஸுக்குப் படைத்தது என்று பொறித்திருக்கிறார்கள். பாபிலோனியாவின் நிப்பூர் நகரில் வணிகம் செய்த முராஷு குடும்பத்துக் களிமண் ஆவணம், கி.மு. 422. கதல்யாமா என்கிற குதிரைவீரன் அரச பணிக்குப் போக என்னென்ன வேண்டும் என்று கேட்டு வாங்குகிறான். குதிரை, அதன் சேணம், இரும்புக் கவசச் சட்டை, 120 அம்பு, 2 இரும்பு ஈட்டி. கடைப் பட்டியல் மாதிரி எழுதி வைத்திருக்கிறான். நைட்டியும் கூடையும் அந்தப் பட்டியலில் இல்லை.

கொற்றவன்77:
கருவூலத்தில் கிடைத்தால் கருவூலத்தில் இருந்தது என்று பொருள், சிப்பாய் முதுகில் இருந்தது என்று இல்லை. ஒலிம்பியாத் தலைக்கவசம் அசிரிய பாணி, செர்க்ஸஸ் படையில் அசிரியரும் வெண்கலத் தலைக்கவசத்தோடு வந்தார்கள், உங்கள் அருமை ஏழாம் புத்தகம்தான், பகுதி 63. கதல்யாமா பாபிலோனியாவில் குடியிருந்தவன், குதிரைக்காரன், பிளாட்டியாவுக்கு அரை நூற்றாண்டு பின்னால். பாரசீகக் காலாள் சிப்பாய் ஒருவனைக் காட்டச் சொன்னால் ஊரையே கூட்டி வருகிறார்.

ஏழாம் புத்தகம் பகுதி 61 வாக்கியமே ஓட்டை. செதில் வரும் இடத்தில் சில சொற்கள் விழுந்துவிட்டன என்று பதிப்பாசிரியர்களே சந்தேகப்படுகிறார்கள். ஓட்டை வாக்கியத்தில் கோட்டை கட்டாதீர்கள். அதே புத்தகத்தில் பகுதி 60, காலாட்படை மட்டும் 17 லட்சம் என்கிறது. பத்தாயிரம் பேரை நெருக்கி நிற்கவைத்து, சுற்றிச் சுவர் கட்டி, அதற்குள் ஆள் விட்டு விட்டு எண்ணினார்களாம். அதையும் நம்புகிறீர்களா?

ஈட்டிமுனை:
ஓட்டையில் விழுந்திருப்பது "மார்க்கவசம்" மாதிரி ஒரு சொல் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். ஓட்டை எனக்குச் சாதகம், உங்களுக்கு இல்லை. எண்ணிக்கையில் தவறினவர் உடுப்பிலும் தவறுவார் என்றால் ஒன்பதாம் புத்தகத்தை மட்டும் ஏன் தூக்கிக்கொண்டு ஓடி வந்தீர்கள்?

தூரிகை:
கூடை என்கிறீர்களே, அந்தக் கேடயம் எப்படிச் செய்வது? பொம்மையில் பின்னல் வேலை மாதிரி வரைந்திருக்கிறேன்.

ஈட்டிமுனை:
பின்னல் இல்லை தம்பி, அழித்துவிடுங்கள். பச்சைத் தோலில் வரிசையாகத் துளை போட்டு, நேர்க்குச்சிகளை மேலும் கீழுமாகக் கோப்பார்கள். தோல் காயும்போது சுருங்கிக் குச்சிகளை இறுக்கிப் பிடிக்கும். முன்பக்கம் குச்சி கொஞ்சம், தோல் கொஞ்சம் என்று கட்டங்கட்டமாகத் தெரியும். சிரியாவின் பழைய நகரமான துரா யூரோபஸில் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. அல்தாய் மலையில் பசிரிக் கல்லறைகளில் இதே முறையில் செய்த சிறிய கேடயம் கிடைத்தது. அம்பைத் தாங்கும், எடை குறைவு. கூடை என்று சிரிப்பவர் கையில் கொடுத்து நிற்க வைக்க வேண்டும்.

கொற்றவன்77:
அதே கூடையை ஸ்பார்ட்டாக்காரன் தள்ளியே சாய்த்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள் மக்களே, அலெக்சாண்டர் சிற்பம் காலத்தால் பிந்தியது, செல்லாது என்றவர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கேடயத்தைக் கூச்சமில்லாமல் கொண்டு வருகிறார்.

ஈட்டிமுனை:
செய்முறைக்குச் சொன்னேன், படையில் இருந்ததற்குச் சாட்சியாக இல்லை. வித்தியாசம் தெரிந்தால் அங்கவடி வந்திருக்காது.

மட்டுறுத்துநர்:
அங்கவடி பற்றிய நாலு பதில்களை நீக்கியிருக்கிறேன். தனிமனிதக் கிண்டல் தொடர்ந்தால் திரி பூட்டப்படும்.

கொற்றவன்77:
என்னுடையது மூன்று, அவருடையது ஒன்று. நல்ல நடுநிலை.

ஈட்டிமுனை:
நீக்கியதை விடுங்கள். பாரசீகருக்கு எதிராகக் கிளர்ந்த மிலேட்டஸ் நகரத் தலைவன் அரிஸ்டகோரஸ் என்ற பெயரை இன்னும் நீங்கள் இழுக்கவில்லை, நானே இழுக்கிறேன். பாரசீகரிடம் கேடயமும் இல்லை ஈட்டியும் இல்லை, சுலபமாக ஜெயிக்கலாம் என்று ஏதென்ஸில் பேசியவன் அவன். படை கேட்டு வந்தவன் வேறென்ன சொல்வான்? உங்கள் நைட்டிக் கதைக்கு மூதாதை அவன்தான். முதலாம் டேரியஸ் தன் கல்லறையிலேயே, பாரசீகனின் ஈட்டி வெகுதூரம் போயிருக்கிறது என்று பொறித்து வைத்திருக்கிறார். இரும்புச் செதிலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொற்றவன்77:
கல்லறையில் ஈட்டி இருக்கிறது, செதில் இல்லை. நீளமான ஈட்டியாக இருந்திருந்தால் கி.மு. 480இல் தெர்மோபைலே கணவாய்ப் போரில் ஏன் திணறினார்கள்? கிரேக்கருடையதை விடக் குட்டை என்று ஹெரோடோட்டஸ் அந்த இடத்திலேயே எழுதியிருக்கிறார்.

ஈட்டிமுனை:
குறுகிய கணவாய். அதைப் பேச வேண்டுமானால் ஈட்டியின் நீளத்திலிருந்து தொடங்குவோம். அலெக்சாண்டருடன் நடந்த காகமேலா போருக்கு முன் மூன்றாம் டேரியஸ் ஈட்டியையும் வாளையும் இன்னும் நீளமாகச் செய்ய வைத்ததாக வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார், பதினேழாம் புத்தகம்...

கொற்றவன்77:
அது கி.மு. 331. காலத்தால் பிந்தியது செல்லாது என்றீர்களே?

தூரிகை:
அப்ப ஈட்டியை வெட்ட வேண்டுமா வேண்டாமா? பசை காய்ந்துகொண்டிருக்கிறது.