புதுப்பிப்பு: எக்செல் ஷார்ட்கட்கள் மனதில் நிற்க வழி

தேர்வுக்கும் ஆபீஸ் வேலைக்கும் எக்செல் ஷார்ட்கட்களை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேர்வு முடிந்தது, பாஸ்.

கைகொடுத்தது, "பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு நிஜமான ஒரு ஷீட்டில் வேலை செய்யுங்கள்" என்ற யோசனைதான். நீளமான சம்பளப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ட்ரோலுடன் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கடைசி வரிக்குப் போய்விடலாம். ஷிஃப்டையும் சேர்த்தால் அதுவரை முழுவதும் செலக்ட் ஆகிவிடும். நடுவில் காலி செல் இருந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும், அதை மட்டும் கவனியுங்கள். அப்புறம் கூட்டுத்தொகைக்கு ஆல்ட்டும் சமக்குறியும், இன்றைய தேதிக்கு கண்ட்ரோலும் அரைப்புள்ளியும்.

எதிர்பாராத சிக்கல் எஃப்4. ஃபார்முலாவை காப்பி செய்தாலும் செல் முகவரி மாறாமல் இருக்க $ போட அதை அழுத்தினால், லேப்டாப்பில் ஸ்பீக்கர் சத்தம்தான் மாறியது. எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடித்ததும் சரியானது. பல லேப்டாப்களில் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் ஒருமுறை சேர்த்து அழுத்தினால், பிறகு எஃப்என்னைப் பிடிக்காமலே எஃப்4 போன்ற கீகள் வேலை செய்யும். செல்லில் உள்ளதைத் திருத்த உதவும் எஃப்2 வேலை செய்யாதவர்களும் முதலில் இதைப் பாருங்கள்.