கலைச்சொல்: ‘பணி நடத்தை’யும் ‘ரசீது’ம், திங்களுக்குள் வேண்டும்

மயூர் விகாரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தில்லியில் மத்திய அரசு அலுவலகங்களில் உள்ள தமிழ் ஊழியர்களுக்கான வினாநிரல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. மின்கோப்பு வந்தபின் வேலையில் தாமாகப் புது வழி காண்கிறார்களா என்பதுதான் ஆய்வு. யோசனை தோன்றுதல், அதற்கு ஆதரவு திரட்டுதல், செயலில் காட்டுதல் என மூன்று படிகள், ஒன்பது வினாக்கள். ஆங்கிலத்தில் இதை ‘Innovative Work Behaviour’ என்பார்கள். ‘புதுமைப் பணி நடத்தை’ பொருந்துமா?

ஆர்.கே.புரத்திலிருந்து:
பொருந்தாது ஐயா. ‘நடத்தை’ என்றதும் அரசு ஊழியருக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள்தான் நினைவுக்கு வரும். ஒழுங்கு நடவடிக்கைக்கு அஞ்சி ஒன்பதிலும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள், தரவு பாழ். சொற்சேர்க்கையும் குழப்புகிறது: புதுமை பணிக்கா, நடத்தைக்கா? ‘புத்தாக்க முனைவு’ என்போம்.

துவாரகையிலிருந்து:
‘புத்தாக்கப் பயிற்சி’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அம்மா. பழைய பாடத்தை மறுபடி நடத்துவது அது. நேர் எதிர்ப்பொருள் தரும். ‘பணியில் புதுவழி காணல்’ என்றால் எழுத்தருக்கும் புரியும். இதைவிடப் பெரிய பிழை 14ஆம் பக்கத்தில். தேசியத் தகவலியல் மையத்தின் மின்-அலுவலக மென்பொருளில், வரும் கடிதத்தைப் பதிந்து எண்ணிட்டதும் அதற்கு ‘Receipt’ என்று பெயர். அதை ‘ரசீது’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். பணம் கட்டிய சீட்டு என்றே படிப்பார்கள். தமிழ்நாட்டில் பகிர்மானப் பதிவேட்டில் எண் பெற்று எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறுவது ‘தபால்’. அதுவே போதும்.

கரோல் பாகிலிருந்து:
தபால் மராத்தியிலும் வழங்கும் சொல். சோழர் ஆட்சியில் அரசாணை எழுதுவோருக்கு ‘திருமந்திர ஓலை’ என்று பதவியே இருந்தது. வரும் கடிதத்துக்கு ‘வருமோலை’ பெயரெச்சத் தொடராக அழகாக நிற்கும். கோப்பும் ஓலைக்கு உறவுதான்: கோத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ‘கோர்ப்பு’ என்று எழுதுவோர் கவனிக்க.

துவாரகையிலிருந்து:
மின்கோப்பில் கோக்க நாடா ஏது? ஆனாலும் கோப்பு நிலைத்துவிட்டது. வருமோலை நிலைக்கத் திங்கள்வரை நேரமில்லை.

ஆர்.கே.புரத்திலிருந்து:
மின்கோப்பில் எழுதும் மஞ்சள் குறிப்பு, பச்சைக் குறிப்பு இரண்டையும் ‘குறிப்பு’ என்று ஒன்றாக்காதீர்கள். மஞ்சள் வரைவு, திருத்தலாம், நீக்கலாம். பச்சையாக்கி அனுப்பிவிட்டால் ஓர் எழுத்தும் மாறாது. அரைகுறை யோசனையை எழுத்தர் எங்கே துணிந்து எழுதுகிறார் என்பதே ஆய்வின் உயிர். நிறத்தை விட்டால் அந்த வினாவே வீண்.

மயூர் விகாரிலிருந்து:
நன்றி. ‘பணியில் புதுவழி காணல்’, ‘தபால்’, ‘மஞ்சள் குறிப்பு’, ‘பச்சைக் குறிப்பு’. இன்றிரவு அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

கரோல் பாகிலிருந்து:
தபாலுக்கு நான் உடன்படவில்லை. அடிக்குறிப்பிலாவது வருமோலை இடம்பெறட்டும்.