மறுமொழி: பெர்மாஃப்ராஸ்ட், ‘நிரந்தர உறைபனி’ தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ரஷ்யா பற்றிய பொதுக் கேள்விகளைத் தமிழில் தொகுக்கும் நண்பர், பெர்மாஃப்ராஸ்ட் (ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலம்) என்பதற்கு ‘நிரந்தர உறைபனி’ என்றே எழுதலாமா என வினவியிருந்தார். அச்சொல்லின் இரு பகுதிகளுமே நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கின்றன என்பது என் கருத்து.

முதலில் ‘பனி’. இங்குப் பேசப்படுவது பனியன்று, நிலம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் 0 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் மண்ணும் பாறையும், உள்ளே பனிக்கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவ்வரையறைக்குள் அடங்கும். ரஷ்யாவின் சைபீரியப் பகுதியிலுள்ள யாகூத்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகக் கம்பெனி அலுவலர் தண்ணீருக்காகத் தோண்டத் தொடங்கிய கிணறு, 1837இல் 116 மீட்டர் ஆழத்தில் கைவிடப்பட்டபோதும் உறைந்த மண்ணைத் தாண்டவில்லை. இதைப் பனி என்று எழுதினால், நம் வாசகர் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதைத்தான் நினைப்பார்.

அடுத்து ‘நிரந்தரம்’. இச்சிக்கல் ரஷ்ய மொழியிலேயே எழுந்ததுதான். உறைநில ஆய்வாளர் மிகயீல் சும்கின் 1927இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்ற ‘வேச்னயா மெர்ஸ்லதா’ என்ற தொடருக்கு ‘நித்திய உறைவு’ என்று பொருள். நித்தியம் என்பது பொருந்தாதெனப் பின்வந்த அறிஞர்கள் வாதிட்டதால், ‘பல்லாண்டு’ எனப் பொருள்படும் அடைமொழி அறிவியல் எழுத்தில் இடம்பெற்றது. ஆனால் அந்நிலம் இளகக்கூடியது என்பதை, அதன்மீதே வாழ்ந்துவரும் சாகா மக்கள் (ரஷ்யர் யாகூத்தியர் என்று அழைத்தவர்கள்) தம் துருக்கியக் குடும்ப மொழியில் ஏற்கெனவே சொல்லாக்கி வைத்திருந்தனர். நிலத்தடிப் பனிக்கட்டி உருகி மேல்மண் அமிழ்ந்துபோக, நடுவே ஏரியும் சுற்றிலும் புல்லுமாகக் கிடக்கும் பள்ளத்தை அவர்கள் ‘அலாஸ்’ என்பர். நீண்ட குளிர்காலத்தில் மாடுகளுக்குப் போடும் புல்லை அங்கேதான் அறுத்து உலர்த்துவர். ரஷ்யப் புவியியலாளரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டனர். நாமும் அதை மொழிபெயர்க்காமல் ‘அலாஸ்’ என்றே வழங்குவதுதான் முறை.

ஆகவே ‘நீடுறைநிலம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘நீடு’ நெடுங்காலத்தைக் குறிக்குமேயன்றி, முடிவே இல்லை என்று சாதிக்காது. ‘உறை’ என்பதற்குத் தங்குதல் என்ற பொருளும் இருப்பதால் மயக்கம் நேரும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். அது நியாயமான தடைதான். எனினும் பால் உறைவதையும் குளிரில் தேங்காயெண்ணெய் உறைவதையும் நாள்தோறும் சொல்லும் நமக்கு, முதல் இடத்தில் ஒருமுறை விளக்கிவிட்டால் பொருள் தெளிவாகிவிடும். முன்னர் ஒருவர் கூறிய ‘நெடுங்குளிர்நிலம்’ ஓசையில் அழகானது; ஆனால் உறையாமலே குளிர்ந்திருக்கும் நிலத்துக்கும் அது பொருந்திவிடும்.

கோடையில் மட்டும் இளகி மீண்டும் உறையும் மேலடுக்குக்கு ‘இளகடுக்கு’ எனலாம். ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்: “ஆண்டு மழையளவு 250 மில்லிமீட்டரை எட்டாத யாகூத்ஸ்க் வட்டாரத்தில், நீடுறைநிலம் நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பதால், ஊசியிலைகளை இலையுதிர்காலத்தில் மஞ்சளாக்கி உதிர்க்கும் லார்ச் மரங்கள், ஆழம் குறைந்த இளகடுக்கில் வேர்களைப் பக்கவாட்டில் பரப்பிக் காடாக நிற்கின்றன.” எனக்கு இவ்வாக்கியம் இடறவில்லை. ‘இளகடுக்கு’ மட்டும் இன்னும் மெருகேறலாம் என்று தோன்றுகிறது. அதற்கு மாற்று உள்ளவர்கள் இதே போன்றதொரு வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டுகிறேன்.