தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் நெற்றியில் பொரிப் பொரியாக வருமா?

நிலாமுற்றம் கேட்டது:

எனக்கு வயது 34. எப்போதுமே வறண்ட சருமம். குளிர்காலம் வந்துவிட்டால் கெண்டைக்காலில் மீன் செதில் மாதிரி வெள்ளையாகக் கோடு விழும், நகம் பட்டால் பொடி உதிரும். லோஷன் எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை, சிலவற்றின் வாசனைக்கே அரிப்பு வந்துவிடுகிறது. அதனால் இரண்டு மாதமாக எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு வெறும் தேங்காய் எண்ணெய்தான். குளித்து, நன்றாகத் துவட்டி, உடை மாற்றி, வேலையெல்லாம் முடித்துவிட்டுப் படுக்கப் போகும்போது காலுக்குப் பூசுகிறேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. முடி உதிர்வது நிற்கும் என்று சொன்னார்களே என்று தலைக்கும் தாராளமாக வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

மூன்று வாரமாக நெற்றியில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, மணல் ஒட்டிக்கொண்டது போல சின்னச் சின்னப் பொரிகள். வலி இல்லை, சீழ் இல்லை, கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியக்கூட இல்லை, தடவினால்தான் சொரசொரவென்று இருக்கிறது. முகத்தில் நான் எண்ணெயே பூசுவதில்லை, அப்புறம் எப்படி வருகிறது?

இன்னொன்று. என்னைப் பார்த்து என் கணவரும் தொடங்கிவிட்டார். ஆனால் அவர் பூசவில்லை, குடிக்கிறார்! ஏதோ காணொளி பார்த்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி. தொப்பை குறையும், மூளைக்கு நல்லது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். அவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) ஏற்கெனவே 148. கேட்டால் "இயற்கையானதுதானே, என்ன ஆகிவிடும்" என்கிறார். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

வெயில்காலம் எழுதியது:

பயப்பட வேண்டாம் சகோதரி, உள்ளே இருக்கும் அழுக்கை எண்ணெய் வெளியே தள்ளுகிறது, அதுதான் பொரி. விடாமல் பூசுங்கள், முகத்துக்கும் சேர்த்துப் பூசுங்கள், ஒரு மாதத்தில் பளபளவென்று ஆகிவிடும்.

பழையபேனா எழுதியது:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். தோல் மருத்துவமனையில் பதினோரு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன், அழுக்கை வெளியே தள்ளுகிறது என்று நம்பி ஆறு மாதம் தாங்கிக்கொண்டிருந்துவிட்டு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். எண்ணெய் எதையும் தள்ளாது. துளையின் வாயை அடைக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் முகத்தில் பூசவில்லை என்பது சரி, ஆனால் உங்கள் தலையணை பூசுகிறது. ராத்திரி தலைக்கு வைத்தது உடம்புச் சூட்டில் உருகி (இந்த எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும்) நெற்றிக்கு இறங்குகிறது, மீதியை உறை உறிஞ்சிக்கொண்டு அடுத்த ராத்திரி திருப்பித் தருகிறது. முடியோரமாக மட்டும், வலியில்லாமல், ஒரே அளவில் பொரிகள் என்றால் நாங்கள் முதலில் கேட்பதே தலைக்கு என்ன வைக்கிறீர்கள் என்றுதான். துளையை அடைக்கும் தன்மைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பழைய பட்டியல்களில் தேங்காய் எண்ணெய்க்கு 4. அந்த மதிப்பெண்ணெல்லாம் முயலின் காதில் சோதித்துப் போட்டது, மனிதர் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, சிலர் முகத்தில் பூசிக்கொண்டு ஒன்றும் ஆகாமல் இருப்பார்கள். ஆனால் உங்கள் நெற்றி பதில் சொல்லிவிட்டதே.

தலைக்கு வைப்பதையே விட வேண்டியதில்லை, நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். தலை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வேரில் இல்லாமல் முடியின் நீளத்துக்கு மட்டும் தடவிவிட்டு அலசிவிடுங்கள். முடிக்கு இந்த எண்ணெய் உண்மையிலேயே நல்லது, அதற்குக் காரணமும் உண்டு. இதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, அதனால் முடியின் தண்டுக்குள்ளேயே நுழைகிறது. 2003ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) மூன்றையும் ஒப்பிட்டபோது, அலசும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது இது ஒன்றுதான். ஆகவே முடி நடுவில் உடைவது குறையும். வேரோடு உதிர்வது வேறு கதை: இரும்புச்சத்து, தைராய்டு, பிரசவம், காய்ச்சல் என்று காரணம் உள்ளே இருக்கும், அதை எண்ணெய் தொடாது.

இனி கால். எண்ணெயில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. இருக்கிற ஈரத்தை மூடி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. நீங்கள் நன்றாகத் துவட்டி, எல்லா வேலையும் முடித்துவிட்டு, காய்ந்த தோலின் மேல் பூசுகிறீர்கள், மூடி வைக்க அங்கே என்ன இருக்கிறது? துண்டால் ஒற்றி எடுத்த உடனே, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, உள்ளங்கையில் அரைக் கரண்டி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முதலில் கிளிசரினோ 10 சதவீத யூரியாவோ உள்ள வாசனையில்லாத கிரீம், அதன் மேல் எண்ணெய். 2004ல் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் வெர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டும் ஏறக்குறைய சமம். அதாவது மாயமும் இல்லை, மோசமும் இல்லை.

கணவர் குடிப்பதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இரட்டைவால் எழுதியது:

என் மகனுக்கு எக்ஸிமா (தோல் வறண்டு அரித்துச் சிவக்கும் நோய்), அந்த அனுபவத்தில் சொல்கிறேன். லேசாக இருக்கும் நாட்களில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் அவனுக்கு நன்றாகக் கேட்டது. ஆதாரமும் இருக்கிறது, 117 குழந்தைகளிடம் 8 வாரம் பார்த்த ஆய்வில் மினரல் ஆயிலைவிட இது மேலாக இருந்தது. ஆனால் தோல் சிவந்து நீர் கசிய ஆரம்பித்தபோதும் மருத்துவர் கொடுத்த களிம்பை நிறுத்திவிட்டு எண்ணெயையே நம்பினேன், பத்து நாள் அவன் தூங்கவில்லை, அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்யாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள், அபூர்வமாகச் சிலருக்கு இதுவே ஒவ்வாது.

பொடுகு இருந்தால் வேரில் எண்ணெய் வைக்கவே வேண்டாம். பொடுகைக் கிளப்பும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு இந்த மாதிரிக் கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு, மூலக்கூறுச் சங்கிலியில் 11 கார்பன் அணுவிலிருந்து 24 வரை உள்ளதைத் தின்னும், லாரிக் அமிலத்தில் இருப்பது 12. என் தம்பி பொடுகு போகட்டும் என்று தினமும் எண்ணெய் வைத்து அதற்கு விருந்து போட்டுக்கொண்டிருந்தான்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: குளியலறைக்குள்ளேயே நின்றுகொண்டு காலுக்குப் பூசாதீர்கள். நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. இரண்டு என்றால் 240 கலோரி, தொப்பை குறைக்கிறேன் என்று கூடுதலாக உள்ளே போவது. அதில் நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்கு மேல். ஒரு நாளைய கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். ஆக அவர் காலை உணவுக்கு உட்காருவதற்கு முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

16 சோதனைகளைத் தொகுத்து 2020ல் வந்த ஆய்வில், வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றியது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லும் 4 ஏறியது, காணொளிக்காரர்கள் அதை மட்டும் சொல்வார்கள். எச்டிஎல் ஏறினால் மாரடைப்பு குறையும் என்பது நிரூபிக்கப்படவில்லை, எல்டிஎல் ஏறினால் ஆபத்து என்பது நிரூபிக்கப்பட்டது.

எடை குறையும் என்ற பேச்சு எம்சிடி (நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயிலிருந்து கிளம்பியது. அது 8, 10 கார்பன் அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்தது. தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். பெரும்பங்கான லாரிக் அமிலத்தில் பெரும்பகுதி உடம்புக்குள் சாதாரண நீளக் கொழுப்பு போகிற வழியிலேயே போகிறது. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

அவரோடு வாதாட வேண்டாம். இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், பழைய 148க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெயில்காலம் எழுதியது:

பசிபிக் தீவுகளில் தேங்காயையே தின்று வாழ்கிறவர்களுக்கு மாரடைப்பே இல்லையாமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

டோக்கெலாவ், புகாபுகா தீவு ஆய்வைச் சொல்கிறீர்கள், 1981ல் வந்தது. டோக்கெலாவில் கலோரியில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து, புகாபுகாவில் 34. இதய நோய் இரண்டிலும் குறைவுதான், அது உண்மை. ஆனால் அவர்கள் காயை நார்ச்சத்தோடு தின்றார்கள், மீன் தின்றார்கள், சர்க்கரை மிகக் குறைவு. அதிலும் தேங்காய் அதிகம் தின்ற டோக்கெலாவ் மக்களுக்குக் கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் எண்ணெயை மட்டும் கரண்டியில் குடிப்பதற்கு இது சாட்சி ஆகாது.

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தலையணை உறையை முகர்ந்து பார்த்தேன், அக்கா, வெட்கமாக இருக்கிறது. நான் குப்புறப் படுக்கிறவள் வேறு. இன்னும் ஒரு சந்தேகம், வெயிலுக்குப் போகும்போது சன்ஸ்கிரீனுக்குப் பதில் இதைப் பூசலாம் என்கிறார்களே?

பழையபேனா எழுதியது:

வேண்டாம். ஆய்வகத்தில் அளந்தபோதே எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 7, 8தான் வந்தது, தோலில் அதை நம்பிப் போக முடியாது, குறைந்தது 30 வேண்டும். தீக்காயத்துக்கும் எண்ணெய் கூடாது, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். உறையை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொரி மறைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், கிள்ளாதீர்கள். அதற்கும் போகவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது, ஆறு வாரம் கழித்து:

நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது, இடது ஓரத்தில் மட்டும் நாலைந்து பாக்கி. ஈரத்தோடு பூசியதில் காலில் செதில் போயே போய்விட்டது. இவருடைய எல்டிஎல் 161 வந்தது, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் எண்ணெய் பாட்டில் சமையலறையிலிருந்து என் அலமாரிக்கு வந்திருந்தது.